பேசியதைத் தாளில் ஏற்றுங்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளைப் பற்றித்தான். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காத நிலை), வாசிக்க வராத பிள்ளை என்று எல்லாம் ஒரே திசையிலிருந்து வந்ததால், வழக்கமான சமையல் சண்டைகளையும் வீட்டு வாடகை வழக்குகளையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

*அக்கா, எங்களுக்குச் சொந்த ஊர் மதுரை. கணவர் வேலைக்காக மிட்ராண்ட் வந்து மூன்று வருடம். மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். இருபது முப்பது வார்த்தை பேசுவான், தமிழும் இங்கிலீஷும் கலந்து. ஸ்பீச் தெரபிஸ்ட், வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி என்றால்தான் குழம்பமாட்டான் என்கிறார். கணவர் அன்றிலிருந்து அவனிடம் தமிழ் பேசுவதில்லை. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, அதனால் பேச்சே குறைந்துவிட்டது. இன்னொன்று, எதைக் கேட்டாலும் நாம் கேட்டதையே திருப்பிச் சொல்கிறான்.*
மிட்ராண்ட் வாசகி

நிறுத்தாதீங்க தங்கச்சி. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பேச்சே குறைந்துவிட்டது என்று. பேச்சு வரத் தாமதமாகும் பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடியதிலேயே பெரிய மருந்து, பக்கத்தில் ஒருவர் நாள் முழுக்கச் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பதுதான், அதை அம்மாவின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு வாரம் ஒரு மணி நேரம் தெரபியில் கொடுக்கிறோம் என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது பாருங்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளையும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளையும் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இலேயே அந்த ஆய்வுகள் வந்துவிட்டன. இரண்டாவது மொழியால் கூடுதல் தாமதம் எதுவும் அவற்றில் தெரியவில்லை. தெரபிஸ்ட் உங்கள் மகனுக்குக் கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்கமாட்டார், படிக்கும் காலத்தில் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சண்டை வேண்டாம். "வீட்டில் தமிழ்தான், உங்கள் பயிற்சிகளைத் தமிழில் எப்படிச் செய்வது என்று காட்டுங்கள்" என்று கேளுங்கள். முடியாது என்றால் வேறு தெரபிஸ்டைப் பாருங்கள்.

இது எனக்குக் கொஞ்சம் சூடான விஷயம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து இங்கே வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளிடமும் இதே யோசனையைத்தான் சொன்னார்கள், இங்கிலீஷ் பேசினால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று. விளைவு என்ன, இன்று டர்பனில் தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு தமிழ் தெரியாத ஆயிரமாயிரம் குடும்பம். என் தமிழே சாயங்காலப் பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்து கற்றதுதான். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு, மதித்து வளர்க்கவேண்டிய மொழிகள் என்று ஒரு பட்டியல் போட்டு அதில் தமிழைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அதில் இருக்கும் மொழியை மிட்ராண்டில் ஒரு சமையலறையில் எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

திருப்பிச் சொல்வது பற்றி. "தண்ணி வேணுமா?" என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் வருகிறது. ஆகவே தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் "தண்ணி வேணுமா" என்று அவன் முடிவு கட்டியிருக்கிறான், அவன் கோணத்தில் அது முழுக்க நியாயம். தாகம் எடுத்ததும் உங்கள் முகத்தைப் பார்த்து "தண்ணி வேணுமா" என்றால் அது கிளிப்பேச்சு இல்லை, கேட்கிறான். கேள்வியைக் குறையுங்கள். டம்ளரைக் கையில் எடுத்து, அவன் சொல்லவேண்டியதை அவன் வாயால் சொல்வதுபோல "தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். அவன் சொல்லும்வரை டம்ளரை மறைத்துவைக்கும் வேலை மட்டும் வேண்டாம். அப்புறம் ஒரு நோட்டு போட்டு, அவன் சொல்வதை எந்த நேரத்தில், எதற்கு முன்னால் சொன்னான் என்று இரண்டு வாரம் குறித்து வையுங்கள். இருபது முப்பது என்று நீங்கள் எண்ணியது கூடிவிடும் என்றுதான் நினைக்கிறேன். மதுரைப் பாட்டியையும் வாட்ஸ்அப்பில் பழையபடி பேசவிடுங்கள், அவன் போனைப் பார்க்காமல் ஓடினாலும் காது அங்கேதான் இருக்கும்.

*டீச்சர், என் மகள் நாலாம் கிரேட். மூன்று வரை ஓரளவு ஓட்டினாள், இந்த வருடம் எல்லாப் பாடத்திலும் அடி வாங்குகிறாள். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிறாள், வாசிக்கச் சொன்னால் அழுகை. வகுப்பு ஆசிரியர் சோம்பேறி என்கிறார். இரண்டு போட்டால் சரியாகும் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. வெளியில் டெஸ்ட் எடுக்க ஆயிரக்கணக்கில் ராண்ட் கேட்கிறார்கள், இப்போதைக்கு முடியாது. பள்ளிக்கூடம் எதாவது செய்யவேண்டுமா, இல்லை எல்லாம் நம் தலையில்தானா?*
ஃபீனிக்ஸ் வாசகர்

முதலில் அந்த இரண்டு போடும் கட்சிக்கு. பள்ளியில் அடிப்பது 1996-ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தோடு முடிந்தது. வீட்டில் "நியாயமான தண்டனை" என்று சொல்லித் தப்பிக்கும் வழியையும் அரசியல் சட்ட நீதிமன்றம் 2019-இல் அடைத்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், அடித்து எழுத்து தெரிந்திருந்தால் எங்கள் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் புலவர்களாகியிருக்கவேண்டும்.

நாலாம் கிரேடில் ஏன் விழுந்தாள் என்பதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. மூன்றாம் கிரேட் வரை நாலு பாடம், நாலாம் கிரேடில் ஆறு. அதுவரை வாசிக்கக் கற்றுக் கொடுத்தார்கள், இனி வாசித்துத்தான் மற்றதைக் கற்கவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகள் மூன்று வருடம் படத்தைப் பார்த்தும், பக்கத்துப் பிள்ளை வாசிப்பதை மனப்பாடம் செய்தும் சமாளித்துவிடுவார்கள், அறிவியலும் சமூகப் பாடமும் பத்திபத்தியாக வரும்போது குட்டு உடையும். அதோடு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டலின் அநியாயம் வேறு. தோ, த்ரூ, காஃப் என்ற மூன்று சொல்லுக்கும் கடைசி நாலு எழுத்து ஒன்றேதான், உச்சரிப்பு மூன்று விதம். வாயால் பதில் வருகிறது, எழுத்தில் வரவில்லை என்ற உங்கள் ஒரு வரியே டிஸ்லெக்ஸியாவா (அறிவு குறையாமலே எழுத்தும் வாசிப்பும் மட்டும் சிக்கும் நிலை) என்று பார்க்கப் போதும். கண்ணையும் காதையும் மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள், அது கிளினிக்கிலேயே ஆகும்.

பள்ளிக்கூடம் செய்யவேண்டுமா? கட்டாயம். 2001-இல் வந்த ஆறாம் வெள்ளை அறிக்கை என்ற அரசின் கல்விக் கொள்கை ஆவணத்திலிருந்து இந்த நாட்டின் கொள்கை அதுதான், 2014-இல் அதைச் செய்யும் முறையையும் எஸ்ஐஏஎஸ் என்ற பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வகுப்பு ஆசிரியர் உங்களோடு உட்கார்ந்து எஸ்என்ஏ 1 என்ற படிவத்தை நிரப்பவேண்டும், பிள்ளைக்கு எங்கே சிக்குகிறது, வகுப்பில் என்ன செய்து பார்த்தோம் என்று. அது போதவில்லை என்றால் பள்ளியின் ஆதரவுக் குழு எஸ்என்ஏ 2 எழுதும். அங்கேயும் தீராவிட்டால் மாவட்டக் குழுவுக்குப் போகும், அது எஸ்என்ஏ 3. முதல் படிவத்தைத் தொடங்க வெளி டாக்டரின் ரிப்போர்ட் எதுவும் தேவையில்லை, "முதலில் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினால் அசராதீர்கள்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. என் மகன் சின்னவனாக இருந்தபோது ஆசிரியர் அவனைக் கதவோரம் தனி மேசையில், சுவரைப் பார்த்து உட்காரவைத்திருந்தார். நான் நாலு தடவை போய் நின்று பேசினேன், ஒரு தடவை சத்தமும் போட்டேன், நானும் ஒரு டீச்சர் என்ற திமிர் வேறு. வருடக் கடைசியில் தலைமையாசிரியரிடம் போனபோது அப்படி ஒரு பேச்சே நடந்ததாகத் தெரியவில்லை என்றார். காட்ட என்னிடம் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. அன்றிலிருந்து வாயால் பேசியதை அன்று ராத்திரியே எழுதி அனுப்பிவிடுவேன். நீங்களும் நாளைக்கே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள்: "என் மகளுக்கு வாசிப்பதில் சிரமம் இருக்கிறது. எஸ்ஐஏஎஸ் முறைப்படி எஸ்என்ஏ 1 தொடங்கக் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதியில் சந்திக்கலாம்?" அவ்வளவு போதும், சோம்பேறி என்று சொன்னதற்கான பஞ்சாயத்தை அதில் கலக்காதீர்கள்.

சந்திப்புக்குப் போகும்போது காசில்லாமல் ஆகக்கூடியதைக் கேளுங்கள். பரீட்சைக் கேள்வியை யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுவது, பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதச் சொல்லாமல் தாளாகக் கொடுப்பது, எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதை நான் முதலில் வாங்கிவிடுவேன், ஏனென்றால் அந்த அழுகை பாதி அங்கிருந்துதான் வருகிறது. இந்தத் தாள்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மெட்ரிக்கில் (பன்னிரண்டாம் கிரேட் கடைசிப் பரீட்சை) கூடுதல் நேரம், வாசித்துக் காட்ட ஆள், சொல்லச்சொல்ல எழுத ஆள், தனி அறை எல்லாம் கேட்கலாம், ஆனால் பத்தாம் கிரேடிலேயே கேட்கவேண்டும், அப்போது பழைய கதையை நிரூபிக்க இந்த ஃபைல்தான் பேசும்.

உதவித்தொகை பற்றி டொங்காட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாசா (அரசின் உதவித்தொகை அலுவலகம்) தரும் கேர் டிபெண்டன்சி கிராண்ட் 18 வயதுக்குட்பட்ட, நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு. பெற்றோர் வருமானம் பார்ப்பார்கள், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்குக் கிடைக்காது. வருமான வரி கட்டுபவர்கள் டாக்டரிடம் ஐடிஆர்-டிடி படிவம் பற்றிக் கேளுங்கள், ஊனம் என்று அதில் உறுதியானால் தெரபிச் செலவுக்கு வரியில் கொஞ்சம் கழியும்.

*பேரனுக்கு எட்டு வயசு, ஆட்டிசம்ங்கிறாங்க. போன தைப்பூசக் காவடிக்குக் கூட்டிட்டுப் போனோம். உறுமிச் சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கிட்டு மண்ணுல உருண்டுட்டான். சாமி வந்திருக்குன்னு ஒருத்தி விபூதி போடுறா, வளர்ப்பு சரியில்லைன்னு இன்னொருத்தி. இந்த வருஷம் கூட்டிட்டுப் போகலாமா, வீட்டுலயே விட்டுடறதா?*
சாட்ஸ்வொர்த் ஆயா

கூட்டிட்டுப் போங்க ஆயா, ஆனால் வேறு நேரத்துக்கு. நமக்கு உறுமி நெஞ்சில் இறங்குகிறது, அவனுக்கு அது நேரே மண்டைக்குள் அடிக்கிறது. கூடவே கற்பூரப் புகை, ஜனவரி வெயில், முட்டி மோதும் கூட்டம், அதன் மேல் முன்பின் தெரியாத கை ஒன்று நெற்றியில் விபூதி பூசுகிறது. நான் உருளாமல் இருப்பதே எனக்கு ஆச்சரியம். அடம் பிடிக்கிற பிள்ளை நடுநடுவே நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும், இவன் யாரையும் பார்த்திருக்கமாட்டான், யோசித்துப் பாருங்கள்.

விடியற்காலை அபிஷேகத்துக்குப் போய், மேளம் சூடு பிடிப்பதற்குள் திரும்பிவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்காரர்கள் மாட்டும் காதுமூடி கிடைக்கும், ஒரு வாரம் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள், கோயிலில் முதல்முறையாக மாட்டினால் அதுவே ஒரு சண்டையாகும். போன வருடப் போட்டோக்களை வரிசையாகக் காட்டி, இதற்கப்புறம் இது, கடைசியில் கார், கார் வந்ததும் வீடு என்று சொல்லி வையுங்கள். முடியவில்லை என்று காட்ட அவனுக்கு ஒரு சைகை இருக்கட்டும். சைகை வந்ததும் கிளம்பவேண்டும், "இன்னும் அஞ்சு நிமிஷம்" கிடையாது. மீறி உருண்டுவிட்டால் பேசாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அவனுக்கு மறைப்பாக உட்காருங்கள். விபூதிக்காரம்மாவிடம் "அப்புறம் வாங்கிக்கிறோம்" என்று சொல்ல ஒரு ஆளை நிறுத்துங்கள், உங்கள் மருமகனுக்கு அந்த வேலை பொருந்தும்.

*ஆன்ட்டி, எனக்கு 16 வயது, ஏடிஎச்டி. அம்மா எனக்காகப் பள்ளியில் நிறையப் போராடியிருக்கிறார், அது தெரியும். ஆனால் கல்யாண வீட்டில், கோயிலில், குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாம் என் கதைதான். மாமா எல்லார் முன்னாலும் "இன்னைக்கு மாத்திரை போட்டியா" என்று கேட்டுச் சிரிக்கிறார். நான் சொன்னால் அம்மா அழுகிறார்.*
பெயர் வேண்டாம் (இங்கிலீஷில் எழுதியதை நான் தமிழாக்கினேன்)

நீ கேட்பது சரி. உன் பக்கம் சட்டமும் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, உன் உடல்நல விவரத்தை வெளியில் சொல்லாமல் காக்கும் உரிமையை உனக்குக் கொடுக்கிறது. ஆனால் சட்டப் பிரிவைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைக்காதே, அம்மா இன்னும் அழுவார். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான். உனக்கு ஏழு வயதாக இருந்தபோது எல்லாரிடமும் சொல்லிச் சொல்லித்தான் உனக்கு ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்திருப்பார்.

ஒரு தாள் எடுத்துக்கொள். எனக்கு எது கஷ்டம், வகுப்பில் எது உதவுகிறது, இதை யாருக்கெல்லாம் சொல்லலாம், யாருக்கு வேண்டாம் என்று நீயே எழுது, ஒரு பக்கம் போதும். அதை அம்மாவிடம் கொடுத்து, அடுத்த பள்ளிச் சந்திப்பில் நீயே இதை வாசிப்பதாகச் சொல். டாக்டரிடமும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேள். உன் மாத்திரை ஆறாம் ஷெட்யூல் (கடுமையான கட்டுப்பாட்டில் உள்ள மருந்துப் பட்டியல்) என்றால் மாதாமாதம் புதுச் சீட்டு எழுதவேண்டும், அதனால் அந்த ஐந்து நிமிடத்தை அப்போதெல்லாம் கேட்கலாம். பசி குறைகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்பதை உன் வாயாலேயே சொல், அது அம்மாவுக்கு வெளியிலிருந்து தெரியாது.

மாமாவுக்கு நீ பதில் சொல்லவே வேண்டாம். அம்மா சொல்லட்டும், ஒரே ஒரு தடவை, அதே கூட்டத்தில் எல்லார் முன்னாலும். என்ன சொல்லவேண்டும் என்பதையும் அந்தத் தாளின் கடைசி வரியில் எழுதிக் கொடுத்துவிடு.