வீட்டுக் கன்சோலில் வரும் புது கேம் விளம்பரங்கள்: முன்பதிவு செய்யலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் மாங்கன்று நாற்றுப்பண்ணையும் சிறிய மாந்தோப்பும் வைத்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் மூத்தவனுக்கும் எட்டாம் வகுப்பு படிக்கும் இளையவனுக்கும் சேர்த்து ஓசூரில் ஒரு கன்சோல் வாங்கிக் கொடுத்தேன். அதை ஆன் செய்தாலே இன்னும் வெளிவராத கேம்களின் வீடியோ ஓடுகிறது. அதிலும் பிள்ளைகள் விளையாடி முடித்த கேமின் அடுத்த பாகம்தான் முதலில் வந்து நிற்கிறது. அவர்களுக்கு இது எப்படித் தெரிகிறது? போன வாரம் இளையவன், அவனுடைய மாமா பிறந்தநாளுக்குக் கொடுத்த கிஃப்ட் கார்டு பணத்தில், ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டி ஒரு கேமை முன்பதிவு செய்துவிட்டான். வெளிவர இன்னும் 23 நாள் இருக்கிறதாம். முன்பதிவு செய்வது சரியா? பணம் திரும்பக் கிடைக்குமா? இந்த விளம்பரங்களைக் குறைக்க வழி உண்டா?

பதில்: ஐயா, 23 நாள் இருப்பதால் பணத்தைப் பற்றிப் பதற வேண்டியதில்லை, அதற்கான வழியைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் திரையில் இன்னொருவர் ஏன் கடை விரிக்கிறார் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. அது புரிந்தால், எந்த அறிவிப்பை நம்பலாம், எதைத் தள்ளிவைக்கலாம் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களே முடிவு செய்துவிடலாம்.

கன்சோலை விற்பதால் மட்டும் அதைத் தயாரிக்கும் நிறுவனம் பெரிதாகச் சம்பாதிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020 நவம்பரில். அப்போது 499 டாலருக்கு விற்ற அதன் டிஸ்க் மாடல் இனி நஷ்டத்தில் விற்கப்படவில்லை என்று சோனி அறிவித்ததோ 2021 ஆகஸ்டில்தான். எக்ஸ்பாக்ஸ் கன்சோலை விற்று ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் அதே 2021-இல், கேம் தயாரிக்கும் எபிக் நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். லாபம் வருவது பெட்டிக்குள் இருக்கும் டிஜிட்டல் கடையிலிருந்துதான். அங்கே பிற நிறுவனத்தாரின் கேம் விற்றால், விலையில் சுமார் 30 விழுக்காடு கன்சோல் நிறுவனத்துக்குப் போகிறது. ஆகவே புதிதாக ஒருவரைப் பிடித்துக் கன்சோல் வாங்க வைப்பதைவிட, ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் உங்கள் வீட்டில் அடுத்த கேமை விற்பதுதான் அவர்களுக்குச் சுலபமான, லாபமான வேலை.

இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. 1994-இல் நிண்டெண்டோ நிறுவனம், தான் நடத்திய இதழின் சந்தாதாரர்களுக்கு, அப்போது வெளிவரவிருந்த ‘டாங்கி காங் கன்ட்ரி’ உருவான விதத்தைக் காட்டும் வீடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பி வைத்தது. அதன்பின், கேமின் ஒரு சிறு பகுதியை மட்டும் விளையாடிப் பார்க்கக் கொடுக்கும் டெமோ டிஸ்க் காலம் வந்தது. தருமபுரியில் மணிக்கணக்கில் வாடகை வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடை ஒன்றை அந்நாளில் நடத்தியவன் என்ற முறையில், அதன் வலிமையைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் வாங்கிய இதழோடு வந்த ஒரு டெமோ டிஸ்க்கில், ஒரு பந்தய கேமின் ஒரே ஒரு பாதைதான் இருந்தது. அந்த ஒரே பாதையை ஒரு பையன் ஒரு மாதம் முழுக்க ஓட்டினான். முடியும்போதெல்லாம் ‘விரைவில்’ என்று எழுத்து வரும், அவன் என் முகத்தைப் பார்ப்பான். 2001-இல் ‘மெட்டல் கியர் சாலிட் 2’ கேமின் டெமோவை ‘ஜோன் ஆஃப் த எண்டர்ஸ்’ என்ற வேறொரு கேமின் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள். 2007-இல் ‘கிராக்டவுன்’ வாங்கியவர்களுக்கு ‘ஹேலோ 3’ கேமின் சோதனைப் பதிப்பில் நுழைய அனுமதி கிடைத்தது. வராத கேமைக் காட்டி, வந்த கேமை விற்றார்கள் என்றே நான் இதைச் சொல்வேன்.

அந்த நாட்களில் பெரிய அறிவிப்புகள், 1995-இல் தொடங்கிய இ3 என்னும் வீடியோ கேம் கண்காட்சியில், பத்திரிகையாளர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் முன்னால் நடந்தன. அவர்கள் வழியாகத்தான் செய்தி நம்மிடம் வந்து சேரும். 2011 அக்டோபரில் நிண்டெண்டோ ‘டைரக்ட்’ என்ற பெயரில் இணைய ஒளிபரப்பைத் தொடங்கி, நடுவில் எவரும் இல்லாமல் நேரே ரசிகர்களிடம் பேச ஆரம்பித்தது. சோனி 2019 மார்ச்சில் ‘ஸ்டேட் ஆஃப் ப்ளே’ ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு இ3-க்குப் போகவும் இல்லை. 2023 டிசம்பரில் இ3 நிரந்தரமாக மூடப்பட்டது. பத்திரிகையாளர்கள் எல்லோரும் நடுநிலையாளர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனாலும் நடுவில் நின்று கேள்வி கேட்க ஒருவராவது இருந்தார். இப்போது விற்பவர் தயாரித்த நிகழ்ச்சியை விற்பவரே ஒளிபரப்ப, அது முடிந்த கையோடு அதே கேம் உங்கள் வீட்டுத் திரையில் முன்பதிவுப் பொத்தானோடு வந்து நிற்கிறது.

இனி, பிள்ளைகள் எதை விளையாடி முடித்தார்கள் என்பது எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். கன்சோல் இணையத்தோடு இணைந்திருக்கும்வரை, எந்தக் கேமை எத்தனை மணி நேரம் விளையாடினார்கள், எந்தக் கட்டத்தைத் தாண்டிக் கோப்பை வென்றார்கள், கடையில் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள், எதை விருப்பப் பட்டியலில் வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுடைய கணக்கில் பதிவாகின்றன. ஒரு கேமின் கடைசிக் கோப்பையை வென்றவனைவிட அதன் அடுத்த பாகத்தை வாங்கக்கூடியவன் வேறு யார்? எனவே அறிவிப்பு முதலில் அவனுக்குத்தான் போகும். ஏற்கெனவே வாங்கிய கேமின் திரைப் பக்கத்திலேயே, கீழே செய்தி என்ற பெயரில் அடுத்த பாகத்தின் அட்டை வந்து உட்காரும். 2024 செப்டம்பர் இறுதியில் பிளேஸ்டேஷன் 5 வைத்திருந்த பலர், முகப்பில் தங்கள் கேம்களுக்குரிய படங்கள் இருந்த இடத்தில் செய்தியும் விளம்பரமும் வந்து நிற்பதாகக் குறைபட்டார்கள். ‘அதிகாரப்பூர்வச் செய்தி’ வசதியில் நேர்ந்த தொழில்நுட்பப் பிழை அது என்றும், சரி செய்தாகிவிட்டது என்றும் சோனி விளக்கம் அளித்தது. நம்முடைய கேமுக்கும் அவர்களுடைய விளம்பரத்துக்கும் இடையில் உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின.

டிரெய்லரைப் பார்க்கும்போது ஒரு பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுங்கள். வீடியோ தொடங்கும் சில நொடிகளுக்குத் திரையின் அடிப்பகுதியில் மிகச் சிறிய வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து மறையும். அங்கே நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். கன்சோலின் பெயரோடு ‘கேம்ப்ளே கேப்சர்ட்’ என்று இருந்தால், அந்தக் கன்சோலில் ஓடியதையே பதிவு செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். ‘இன்-எஞ்சின்’ என்று மட்டும் இருந்தால், கேமை இயக்கும் அதே மென்பொருளில் செய்த காட்சிதான் அது. ஆனால் உங்கள் மகன் கையில் கண்ட்ரோலரை வைத்து விளையாடப்போவது அதுதான் என்று பொருளில்லை. எதுவுமே எழுதவில்லை என்றால் அதை ஓர் அழகிய குறும்படமாகப் பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிடலாம்.

இலவச டெமோவை நான் மனமார வரவேற்கிறேன். எல்லா அறிவிப்பு முறைகளிலும், வாங்குபவர் தன் கையால் தொட்டுப் பார்க்க இடம் தருவது அது ஒன்றுதான். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் இந்திய உயர்நிலையான டீலக்ஸில், முழு விலை கேம்களைக் குறித்த நேரம்வரை விளையாடிப் பார்க்கும் சோதனை வசதியும் இருக்கிறது. டெமோவும் வாக்குறுதியாகிவிடாது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்: 2014 ஆகஸ்டில் ‘பி.டி.’ என்ற சிறிய இலவச கேம் பிளேஸ்டேஷன் கடையில் வந்தது. அதை முடித்தவர்களுக்குத்தான் அது ‘சைலண்ட் ஹில்ஸ்’ என்ற பெரிய கேமின் முன்னோட்டம் என்பது தெரிந்தது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. 2015 ஏப்ரலில் அந்தப் பெரிய கேம் கைவிடப்பட்டது, ‘பி.டி.’யும் கடையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

முன்பதிவு சரியா என்று கேட்டீர்கள். தோப்பு வைத்திருக்கும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பூ விட்டிருக்கும்போதே மரத்தைப் பார்த்து விலை பேசும் குத்தகைக்காரர், பின்னால் வரும் மழைக்கும் பூச்சிக்கும் தானே பொறுப்பு என்று தெரிந்துதான் பேசுகிறார். அதனால்தான் குறைத்துக் கேட்கிறார். கேமை முன்பதிவு செய்பவரோ, பூவைப் பார்த்துப் பழத்தின் முழு விலையையும் கட்டுகிறார். கடைகளில் டிஸ்க் தீர்ந்துபோகும் என்ற பயம் இருந்த காலத்தில் முன்பதிவுக்கு ஒரு நியாயம் இருந்தது. டிஜிட்டல் கேம் தீர்ந்துபோவதே இல்லை. கூடுதலாகத் தருவதாகச் சொல்லும் உடையும் ஆயுதமும், என் கணிப்பில், ஒரு வாரத்தில் மறந்துபோகும் பொருள்கள். விலை உயர்ந்த பதிப்பை வாங்கினால் 72 மணி நேரம் முன்னதாகவே விளையாடலாம் என்பது சில கேம்களில் வரும் சலுகை. சாதாரண விலை கொடுத்தவரை மூன்று நாள் காக்க வைத்து, காக்காமல் இருப்பதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்த ‘சைபர்பங்க் 2077’ பல ஆண்டுகள் டிரெய்லர்களால் வளர்க்கப்பட்ட கேம். முன்கூட்டி விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பை மட்டுமே. பழைய பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோல்களில் அது தடுமாறி ஓடியது வாங்கியவர்களுக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் கன்சோல்களில் ஓடுவதை முன்பே காட்டாததற்காக அதைத் தயாரித்த நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. டிசம்பர் 18 அன்று சோனி அதைத் தன் கடையிலிருந்து அகற்றி, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பின்னாளில் அந்த கேம் நன்றாகத் திருத்தப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முதலிலேயே வாங்கியவர்கள் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, பொறுத்திருந்து வாங்கியவர்களுக்கோ எடுத்த எடுப்பிலேயே திருத்திய கேம் கிடைத்தது. ஆகவே என் பரிந்துரை இதுதான்: பிடித்த கேமை விருப்பப் பட்டியலில் போடுங்கள், வெளியான செய்தியும் விலை குறைந்த செய்தியும் தானாக வரும், வெளிவந்து ஒரு வாரம் கழித்து, உங்கள் கன்சோலிலேயே விளையாடியவர்களின் விமர்சனத்தைப் பார்த்து வாங்குங்கள். கன்சோலில் டிஸ்க் வசதி இருந்தால் டிஸ்க்காக வாங்குவது இன்னும் நல்லது. பிடிக்காவிட்டால் விற்கலாம், மற்றொருவருக்குக் கொடுக்கலாம். டிஜிட்டல் கேமுக்கு அந்த வசதி இல்லை.

விளம்பரங்களைக் குறைக்கும் வழிக்கு வருகிறேன். கன்சோலின் பெயரை நீங்கள் குறிப்பிடாததால் பிளேஸ்டேஷன் 5-ஐ வைத்துச் சொல்கிறேன். எக்ஸ்பாக்ஸிலும் இதே போன்ற அமைப்புகள் உண்டு. செட்டிங்ஸில் ‘யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸ்’ திறந்து, ‘பிரைவசி’ பகுதியில் தனிப்பட்ட பரிந்துரைகளையும் தனிப்பட்ட விளம்பரங்களையும் நிறுத்துங்கள். அங்கேயே, சோனிக்குப் போகும் தகவலின் அளவை ‘லிமிடெட்’ என்று மாற்றுங்கள். ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் தேவையற்ற அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். பின்தொடரும் கேம்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து குறையுங்கள். இவ்வளவும் செய்தாலும் முகப்பில் பொதுவான விளம்பரங்கள் வரத்தான் செய்யும். உங்கள் மகனைக் குறிவைத்து வருவது மட்டும் குறையும்.

இதைவிட முக்கியமானது இளையவனின் கணக்கு. பல வீடுகளில் பிள்ளைகள் பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்துப் பெரியவர் கணக்காகத் திறந்திருப்பதை நான் பார்க்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களைக் கண்காணித்து இலக்கு வைத்து விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிறந்த ஆண்டு பொய்யாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு அவனைத் தேடி வராது. அவனுக்கு உண்மையான வயதில், உங்கள் கணக்கின் கீழ் குழந்தைக் கணக்கு ஒன்றைத் திறந்து, மாதச் செலவு வரம்பை நீங்களே வையுங்கள். வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும்படியும் அமைத்துவிடுங்கள்.

கடைசியாக, கட்டிய பணம். சோனியின் விதிப்படி, வெளியீட்டு நாளுக்கு 14 நாளுக்கு மேல் இருக்கும்போது செய்த முன்பதிவை வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து பணத்தைக் கேட்கலாம். 14 நாளுக்குள் செய்ததாக இருந்தால், பணம் கட்டிய 14 நாளுக்குள், கேமைப் பதிவிறக்கத் தொடங்காமல் இருக்க வேண்டும். மகன் செய்தது முதல் வகை. கிஃப்ட் கார்டில் வந்த பணம் என்பதால், அது வங்கிக்கு வராது, கன்சோல் கணக்கில் உள்ள பணப்பையான வாலட்டுக்கே திரும்பும் என்று எதிர்பாருங்கள். வெளியாவதற்கு இரண்டு நாள் முன்பே கேம் தானாகப் பதிவிறங்கத் தொடங்கக்கூடும். அதற்கு முன்பே, முடிந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவன் கையாலேயே ரத்து செய்யச் சொல்லுங்கள். அதே கேமை அவனுடைய விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட்டு எழுந்திருங்கள். வாலட்டில் பணம் இருக்கிறது, கேம் நன்றாக இருந்தால் வெளியான மறுவாரம் அவனே வாங்கிக்கொள்ளட்டும்.