அப்பாவின் குரல் மாறியது: மயோடோனிக் டிஸ்ட்ரோபியில் குரல்வளை

வணக்கம் சகோ. அப்பாவுக்கு மயோடோனிக் டிஸ்ட்ரோபி (தசைகள் மெல்ல மெல்லத் தளரும் பரம்பரை நோய்), பேச்சு மூக்கால் வருகிறது, ரசம் சாதம் சாப்பிட்டதும் குரல் கொழகொழக்கிறது, குரல்வளை போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள்.

மூக்கால் பேசுவதற்குக் காரணம் பெரும்பாலும் குரல்வளை இல்லை. மேலண்ணத் தசை தளர்ந்து, காற்று மூக்குக்குள் ஏறிவிடுகிறது. குரல்நாண்களைச் சேர்த்துப் பிடிக்கும் தசைகளும் தளர்ந்தால் குரல் மெலியும். இந்த நோயில் சுருங்கிய தசை சட்டென்று விடாது என்பதால் பேசத் தொடங்கும்போது வார்த்தை இறுகி, பேசப் பேச இளகுவதும் உண்டு.

எனக்குக் கவலை அந்த ரசம்தான். சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கேட்டால், விழுங்கியது குரல்நாண்மேல் தேங்கியிருக்கலாம். இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடவும் கூடும். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். போரூர் என்றீர்களே, ராமச்சந்திரா மருத்துவமனை பக்கம்தான். பேச்சு சிகிச்சைப் பிரிவில், மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டு விழுங்குவதைப் பார்க்கும் சோதனை பற்றிக் கேளுங்கள். அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாகச் சாப்பிடட்டும். சாப்பிட்டதும் படுக்க விடாதீர்கள்.

அப்புறம், எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இந்த நோயை முன்னாடியே சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் இவர்களுக்கு ஆகவே ஆகாது.