உங்கள் பையனின் அப்பாவுக்கு எந்த ஷிப்ட்?

அன்புள்ள அண்ணாச்சி,

1980களில் தூத்துக்குடியில் வளர்ந்த ஒரு பையனைப் பற்றி நாவல் எழுதுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன். கதையைப் பையனே சொல்வதா, இன்று சென்னையில் இருப்பவன் திரும்பிப் பார்த்துச் சொல்வதா என்று குழப்பம். வட்டார வழக்கு எவ்வளவு வரலாம்? ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் நடந்த 2018 துப்பாக்கிச்சூட்டில் முடிக்க நினைக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

வ.

அன்புள்ள தம்பி,

வட்டார வழக்கு ஒரு பிரச்சினையே இல்லை. வாயில் வருவதை எழுதுங்கள். கதையை யார் சொல்வது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

மூன்று அத்தியாயத்தையும் படித்தேன். பனிமய மாதா தேர் வருகிறது, முயல்தீவு வருகிறது, எதிர்வீட்டுப் பெண்ணும் வந்துவிட்டாள். பையனின் அப்பாவுக்கு மட்டும் ஒரே வரி: "அப்பா கம்பெனிக்குக் கிளம்பினார்." எந்தக் கம்பெனி தம்பி? எந்த ஷிப்ட்? நிரந்தரமா, காண்ட்ராக்டா? இது தெரியாமல் அந்த ஊரில் ஒரு பையனை எப்படி ஆளாக்குவீர்கள்?

கொஞ்ச காலமாகவே இதுதான் என் மண்டையில் ஓடுகிறது. நம் நாவல்களில் பையன்கள் காதலித்து ஆளாகிறார்கள், வாத்தியாரிடம் அடிவாங்கி ஆளாகிறார்கள், சினிமாக் கொட்டகையில் ஆளாகிறார்கள். அப்பா பார்க்கும் வேலை பையனை என்ன செய்கிறது என்று எழுதுகிறவர்கள் அபூர்வம்.

ஆலை அந்த ஊருக்குப் புதிதில்லைதான். 1908இல் வ.உ.சி. முன்னின்ற கோரல் மில் வேலைநிறுத்தம் நடந்த ஊர் அது. ஆனால் 1974இல் பெரிய துறைமுகம், 1975இல் ஸ்பிக் உரம், 1979இல் அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் என்று ஐந்தே வருஷத்தில் உப்பும் தோணியுமாக இருந்த ஊரில் நிறையப் பேர் ஷிப்டுக்கு மாறினார்கள். உங்கள் பையன் பிறந்தது அந்த நடுவில்தான். அவனுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை.

எங்கள் வீடு முத்தையாபுரம் பக்கம். அப்பாவுக்கு சி ஷிப்ட் வந்தால் இரவு பத்துக்குப் போய்க் காலை ஆறுக்குத்தான் விடும். வந்து குளித்துவிட்டுப் படுத்தால் வீடே வாயைப் பொத்திக்கொள்ளும். ஜன்னலில் பழைய போர்வை தொங்கும். விசில் அடிக்குமே என்று அம்மா அந்த வாரம் குக்கரைத் தொடமாட்டாள், பானையில்தான் வடிப்பாள். தெருவில் கிரிக்கெட் ஆடினாலும் அவுட்டா இல்லையா என்ற சண்டையைக் கிசுகிசுத்தே போடுவோம். எங்கள் தெருவில் யாராவது ஒருவர் அப்பா எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்.

கூடப் படித்தவன் ஒருவன் உப்பள வீட்டுப் பிள்ளை. அவன் அம்மா விடியுமுன்பே அளத்துக்குப் போய்விடுவாள், கோடை விடுமுறையில் அவனும் போவான். ஜூனில் பள்ளி திறக்கும்போது அவன் கால்விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். ஐப்பசி மழையில் பாத்தி மூழ்கினால் அந்த வீட்டில் கூலி கிடையாது. ஒருநாள் குழாயடியில் கை கழுவும்போது கேட்டான்: "ஒங்க வீட்ல சோப்பு ஓசிதானல?" அப்பாவுக்கு மாதாமாதம் கம்பெனியில் சோப்பும் துண்டும் தருவார்கள். சோப்பு கடையில் காசு கொடுத்து வாங்குகிற பொருள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மறுநாள் ஒரு கட்டியைத் திருடிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். ஒரு வாரம் பேசவில்லை. உங்கள் மூன்று அத்தியாயத்தில் இப்படி ஒரு சோப்பு இருக்கிறதா?

2018 முடிவு வேண்டாம். கோபமாகவே சொல்கிறேன். அந்த மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் செத்தார்கள். உங்கள் பையனோ கடைசிவரை எந்த ஆலையையும் ஏறிட்டுப் பார்க்காதவன். அவன் கதைக்கு உச்சக்காட்சி அமைக்கவா அவர்கள் செத்தார்கள்? புகையைச் சின்ன வயசிலேயே அவன் மூக்கில் ஏற்றுங்கள். அந்தப் புகையில்தான் தன் ஃபீஸும் தீபாவளிச் சட்டையும் வந்தன என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கட்டும். அதற்குப் பிறகும் 2018 வந்தே தீரும் என்றால் வரட்டும்.

உங்கள் அப்பா இருக்கிறாரா? இருந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். ஏ ஷிப்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், பஸ் எங்கே நின்றது, கேன்டீனில் என்ன போட்டார்கள், ஓவர்டைம் காசு எதற்குப் போனது என்று. கடலைப் பற்றிக் கேட்காதீர்கள், அது உங்களிடம் ஏற்கெனவே அதிகமாக இருக்கிறது.

மக்ரூன் கடைப் பகுதியில் கை வைக்காதீர்கள். நன்றாக வந்திருக்கிறது.