பேய்ப்படம் கேட்கும் மகள், பாத்ரூமுக்குத் துணை கேட்கும் மகன்

கேள்வி: அன்புள்ள அக்கா, என் மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. வரும் சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். தோழிகள் நாலு பேர் வருகிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு பேய் வீட்டுப் படம் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எனக்கு மகனை நினைத்தால்தான் கவலை. போன வருடம் குழந்தைகள் படம்தானே என்று ஒரு பேய்ப்படத்தைப் போட்டுவிட்டு, நான் அடுப்படியில் வேலையாக இருந்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் தனியாகப் பாத்ரூம் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் படுப்பான். “பிள்ளைகளுக்குப் பேயும் வேண்டாம், பிசாசும் வேண்டாம்” என்கிறார் மாமியார். “பார்க்கப் பார்க்கத்தான் பயம் தெளியும், ஆம்பளப் பிள்ளைதானே” என்கிறார் வீட்டுக்காரர். மகளின் ஆசையைக் கெடுக்கவும் மனசு வரவில்லை. குடும்பத்தோடு பார்க்கிற மாதிரி பேய் வீட்டுப் படம் என்று ஒன்று இருக்கிறதா? எதைப் போடுவது?
— பெயர் வெளியிட வேண்டாம், ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

இருக்கிறது. படத்தின் பெயரையும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் “நான் அடுப்படியில் வேலையாக இருந்துவிட்டேன்” என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. டிவியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகாத அம்மா யார் இருக்கிறார்கள்? அந்தப் படத்தில் வந்த பேயைவிட, பேய் வந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான் உங்கள் மகனை அதிகமாக உலுக்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. “அம்மா, இது என்ன?” என்று அவனால் கேட்க முடியவில்லை. கேட்க முடியாமல் போனதை மூன்று வாரம் டார்ச்சை வைத்துத் தேடிக்கொண்டிருந்தான்.

ஆறு வயதின் பயம் வேறு, பத்து வயதின் பயம் வேறு. சின்னக் குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். முகம் கோணினால் பயம், கண் சிவந்தால் பயம். அந்த உருவம் நல்லதா கெட்டதா என்பது அப்புறம்தான். அமெரிக்காவில் ஜோயன் கேன்டர் என்ற ஆய்வாளர், திரையைப் பார்த்துக் குழந்தைகள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர். ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்து அவரும் இன்னொருவரும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. சாதாரண மனிதர் ஒருவர் பச்சை நிற ராட்சசனாக மாறி மற்றவர்களைக் காப்பாற்றுவதுதான் அந்தத் தொடரின் கதை. பள்ளி செல்லும் வயதுக்கு முந்திய பிள்ளைகள், அந்த மனிதர் உருமாறுகிற இடத்தில்தான் மிகவும் பயந்தார்கள். ராட்சசன் நல்லவன் என்பது அவர்களுக்கு ஆறுதலாகவே இல்லை. உங்கள் மகளுக்கு “அது நல்ல பேய்” என்று சொன்னால் போதும். மகனுக்கு அது போதாது. அவன் வயதுக்கு, அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அதனால்தான் “பேயே கிடையாது, சும்மா படு” என்று சொல்வதும் பலிக்காது. உருவத்தைப் பார்த்த பயத்துக்கு நியாயம் பேசிப் பதில் சொல்ல முடியாது. அதைத் தொட்டுப் பார்க்க வைக்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெட் ராஜர்ஸ் குழந்தைகளுக்காக நடத்திய நிகழ்ச்சிக்கு 1975ல் மார்கரெட் ஹாமில்டன் என்ற நடிகை வந்தார். 1939ல் வெளிவந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் பச்சை முகச் சூனியக்காரியாக நடித்து, எத்தனையோ பிள்ளைகளை அழவைத்தவர் அவர். நிகழ்ச்சிக்குச் சாதாரணப் பாட்டியாக வந்து உட்கார்ந்தார். அப்புறம் அந்தக் கறுப்புப் பாவாடையையும் தொப்பியையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் காட்டினார். சூனியக்காரி எங்கிருந்து வருகிறாள் என்பதைப் பிள்ளைகள் கண் முன்னாலேயே பார்த்தார்கள். எனக்கு இதைவிட நல்ல வைத்தியம் தெரியாது.

சனிக்கிழமைக்கு முன்னால் உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று செய்யலாம். வெளியே நன்றாக இருட்டியதும், அறையில் விளக்கைப் போட்டுக் கண்ணாடி ஜன்னல் முன்னால் மகனோடு நில்லுங்கள். திரைச்சீலையை விலக்குங்கள். வெளியே இருட்டுக்குள் ஒரு அம்மாவும் பிள்ளையும் நிற்பார்கள், உடம்பு வழியாகப் பின்னால் இருப்பது லேசாகத் தெரியும். அவன் கையை ஆட்டட்டும், வெளியே நிற்கிறவனும் ஆட்டுவான். இப்போது சுவிட்சை அவனையே அணைக்கச் சொல்லுங்கள். பேய் போய்விடும். போட்டால் திரும்பி வரும். நாலு தடவை அவன் கையாலேயே பேயை வரவழைத்து அனுப்பட்டும். 1862ல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் நாடக மேடையில் பேயைக் காட்டியதும் ஏறக்குறைய இந்த வித்தையால்தான். மேடையில் சாய்த்து வைத்த பெரிய கண்ணாடி, பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடத்தில் வெளிச்சத்தில் ஒரு ஆள், அவ்வளவுதான். 1969ல் டிஸ்னிலாண்டில் திறந்த பேய் மாளிகையில் நடனமாடும் பேய்களும் அதே கண்ணாடி வேலைதான். அந்த மாளிகையை வைத்து 2003லும் 2023லும் இரண்டு படங்கள் எடுத்தார்கள். இதையெல்லாம் மகளிடமும் சொல்லுங்கள். தோழிகள் முன்னால் செய்துகாட்ட அவளுக்கும் ஒரு வித்தை கிடைக்கும்.

சரி, படத்துக்கு வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. படத்தின் மேல் ‘பிஜி’ என்ற அமெரிக்கச் சான்று, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்கிற சான்று, இருப்பதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். 1982ல் வந்த ‘போல்டர்கைஸ்ட்’ பெயர் பெற்ற பேய் வீட்டுப் படம். அதற்கு முதலில் பெரியவர்களுக்கான ‘ஆர்’ சான்று கொடுத்து, தயாரிப்பாளர் தரப்பு மேல்முறையீடு செய்தபின் பிஜி ஆக்கினார்கள். பதின்மூன்று வயதுக்குக் கீழே கவனம் தேவை என்கிற ‘பிஜி-13’ வகை வந்ததே 1984 ஜூலையில்தான். அதற்கு முந்திய படங்களில் பிஜி என்பது மிகவும் அகலமான வலை. போல்டர்கைஸ்டில் ஒரு பையன் ராத்திரி பொம்மைக் கோமாளியைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பான். கோமாளி அங்கே இருக்காது, அவன் பின்னால் இருக்கும். உங்கள் மகன் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கிறவன். இந்தக் காட்சியைப் பார்த்தால் அவனுக்கு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்கிற படம், ஹயாவோ மியாசாகி இயக்கி 1988ல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படமான ‘மை நெய்பர் டோட்டோரோ’. இதைப் பேய் வீட்டுப் படம் என்று பலர் சொல்லமாட்டார்கள். என்னைக் கேட்டால், ஆறு வயதுக்கு இதைவிட நல்ல பேய் வீட்டுப் படம் இல்லை. அப்பாவோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள் அக்காவும் தங்கையும். தங்கை மிகவும் சின்னவள். அக்கா கிட்டத்தட்ட உங்கள் மகள் வயது. தூண் உளுத்துப்போயிருக்கிறது, கதவைத் திறந்தால் கறுப்பு கறுப்பாக என்னவோ ஓடி ஒளிகிறது. பக்கத்து வீட்டுப் பையன் “உங்க வீட்டுல பேய் இருக்கு” என்று கத்திவிட்டு ஓடுகிறான்.

பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள், எனக்கு இந்தப் படம் பிடித்ததே அதற்காகத்தான். “பேய் வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே என் ஆசை” என்கிறார் அப்பா. வெளிச்சத்திலிருந்து சட்டென்று இருட்டுக்குள் போனால் கண்ணுக்கு இப்படிக் கறுப்பாகத் தெரியும் என்று ஒரு விளக்கமும் சொல்கிறார். சின்னவள் சுவரிலிருக்கும் விரிசலில் விரலை விட, கரித்தூள் உருண்டைகள் கும்பலாகக் கிளம்புகின்றன. ஒன்றை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவருகிறாள். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை, உள்ளங்கை முழுக்கக் கரி. அங்கே வந்திருக்கும் பாட்டி அவளைத் திட்டவில்லை, பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. அவை யார் என்று தனக்குத் தெரியும், சின்ன வயதில் தானும் பார்த்திருக்கிறேன், ஒன்றும் செய்யாது என்கிறார். அன்று ராத்திரி குளித்துக்கொண்டிருக்கும்போது காற்று வீட்டையே ஆட்டுகிறது. பிள்ளைகள் உறைந்துபோகிறார்கள். அப்பா சத்தமாகச் சிரிக்க ஆரம்பிக்கிறார், சிரித்தால் பயமுறுத்துவதெல்லாம் ஓடிவிடும் என்கிறார். மூன்று பேரும் தொட்டியில் தண்ணீர் தெறிக்கச் சிரிக்கிறார்கள். அந்தக் கரி உருண்டைகள் மெல்ல வீட்டைக் காலி செய்துவிட்டு வானத்தில் போகின்றன.

இதிலும் ஒரு இடம் உண்டு, முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கடைசிப் பகுதியில் தங்கை காணாமல் போய்விடுகிறாள், ஊரே தேடுகிறது, குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கிறது. அது அவளுடையது இல்லை, அவள் பத்திரமாகக் கிடைத்துவிடுவாள். அந்த ஐந்தாறு நிமிடம் உங்கள் மகனைப் பேயைவிட அதிகமாகத் தொடும். “கிடைச்சிடுவா, பாரு” என்று காதில் சொல்லிவிடுங்கள். கதையை முன்னாலேயே சொன்னால் சுவை போய்விடும் என்று நினைக்க வேண்டாம். இந்த வயதில் முடிவு தெரிந்தால்தான் நடுவில் பயப்படவே தைரியம் வரும்.

தோழிகளுக்கு இது போதாமல் போகலாம். பத்து வயதுக்குக் கொஞ்சம் நடுங்கவும் வேண்டும், அது நியாயமான ஆசை. அவர்களுக்கு 2006ல் வந்த ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ என்ற அனிமேஷன் படத்தைத் தனியாகப் போடுங்கள். அதில் வீடே உயிரோடு இருக்கிறது, ஆளை விழுங்குகிறது. எதிர்வீட்டுச் சிடுமூஞ்சித் தாத்தா ஏன் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை என்ற காரணம் தெரியும்போது மனசு இளகிவிடும். மகன் இதற்கு வேண்டாம், வீட்டுக்கே முகம் வந்து பல் முளைக்கிறது. இரண்டுமே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் படங்கள். பகலில் டோட்டோரோ எல்லோருக்கும், மகன் வேறெங்காவது அப்பாவோடு போன பிறகு அடுத்தது. அந்த நாலு பிள்ளைகளின் வீட்டுக்கும் முன்னாலேயே போன் செய்து என்ன படம் என்று சொல்லிவிடுங்கள். யார் வீட்டில் என்ன பயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

யாராவது ‘காஸ்பர்’ போடச் சொல்வார்கள். 1995ல் வந்த நல்ல படம், நானும் ரசித்தேன். ஆனால் அந்தக் குட்டிப் பேய் ஒரு காலத்தில் உயிரோடு இருந்த சிறுவன். பரண் அறையில் தன் பழைய சறுக்குவண்டியைப் பார்த்ததும், பனியில் விளையாடி, குளிர் தாக்கி, காய்ச்சலில் செத்துப்போனது அவனுக்கு நினைவுக்கு வரும். கதாநாயகிக்கும் அம்மா இல்லை. சமீபத்தில் உங்கள் வீட்டில் ஒரு சாவு நடந்திருந்தால் இப்போதைக்கு வேண்டாம். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் கழித்து மகனோடு சேர்ந்து பாருங்கள்.

பார்க்கும்போது ரிமோட்டை மகன் கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அக்காவும் தோழிகளும் ஒன்றும் சொல்லக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஜன்னலில் சுவிட்ச் அவனிடம் இருந்த மாதிரி இதுவும் அவனிடம். அப்புறம், சத்தம். பேய்ப்படத்தில் பாதிப் பயம் காது வழியாக வருகிறது. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது யாருடைய தைரியத்துக்கும் கட்டுப்படாத விஷயம். ஒலியைக் குறைத்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. பழகப் பழகப் பயம் குறையும்தான். ஆனால் அவனால் தாங்க முடிகிற அளவில், அவன் சம்மதத்தோடு பழக வேண்டும். கட்டாயப்படுத்திக் காட்டினால் அவன் பயத்தை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். ‘ஆம்பளப் பிள்ளை’ என்ற வார்த்தையை அவன் காதுபட யாரும் சொல்ல வேண்டாம் என்று தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரின் கவலையும் நியாயமானதே, போன வருடம் பேரன் பட்ட பாட்டை அவரும் பார்த்தாரே. அவரை மறுத்துப் பேசாமல், “நீங்க அவன் பக்கத்துல உட்காருங்க அத்தை” என்று கேட்டுப் பாருங்கள். கரி உருண்டையைப் பற்றிப் பாட்டி பேசுகிற இடம் வரும்போது, அதே மாதிரி அவரும் சின்ன வயதில் எதற்குப் பயந்தார் என்று பேரனிடம் சொல்லட்டும்.

சனிக்கிழமை ராத்திரி அவன் மறுபடி டார்ச் கேட்டால் கொடுங்கள். நீங்களும் அவனோடு முட்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியில் பாருங்கள், சிரிக்காமல். பக்கத்தில் வந்து படுத்தால் படுக்கட்டும். நாலைந்து நாளில் சரியாகிவிடும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, பள்ளிக்கூடம் போகவும் தயங்கினால் மட்டும் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அதற்குப் படம் மட்டும் காரணமாக இருக்காது.

மகளிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். தம்பியோடு ஒரு படம், தோழிகளோடு ஒரு படம் என்று சொன்னால் புரிந்துகொள்கிற வயதுதான் அவளுக்கு. பிறந்தநாள் வாழ்த்தை நானும் சொன்னதாகச் சொல்லுங்கள்.