சுயசான்றில் வாங்கிய பிளானுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது, ஸ்டே வாங்கலாமா?

கேள்வி: நகராட்சி எல்லைக்குள் 30-க்கு 60 அடி மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக வீடு கட்டுகிறேன். ஆன்லைனில் சுயசான்று முறையில் பிளான் அனுமதி அன்றைக்கே வந்துவிட்டது, கியூஆர் கோடு எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் இன்ஜினியர்தான் பார்த்துக்கொண்டார், நான் ஓடிபி மட்டும் சொன்னேன். மேற்கே ஐந்து அடி காலியிடம் என்று பிளானில் இருக்கிறது. மனை உண்மையில் 28½ அடிதான் என்பதால் அங்கே மூன்றரை அடிதான் மிஞ்சியது, அதில் வெளிப்படி கட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர் பொறாமையில் புகார் கொடுத்து, நகராட்சி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. என் ஒன்றரை அடியை அமுக்கியதே அவர்தான்! தெருவில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. அரசே கொடுத்த அனுமதியை எப்படிக் கேள்வி கேட்கலாம்? அடுத்த வாரம் மாடி ரூஃப் போட வேண்டும், ஸ்டே வாங்க முடியுமா?

பதில்: பொறாமை, தெருவில் மற்ற வீடுகள், அதிகாரியின் நோக்கம், எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். புகார் கொடுத்தவர் எந்த எண்ணத்தில் கொடுத்தார் என்று எந்தக் கோர்ட்டும் கேட்காது. ஒன்றரை அடியை அவர் ஆக்கிரமித்திருந்தால் அது தனி சிவில் வழக்கு, அதை நடத்தி முடிப்பதற்குள் உங்கள் வீட்டுக்கு இரண்டாவது தடவை வெள்ளை அடிக்க வேண்டியிருக்கும். அந்த வழக்கு நடக்கிறது என்பதற்காக இந்த நோட்டீஸும் நிற்காது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். “அரசே கொடுத்த அனுமதி” என்கிறீர்களே, எதைப் பார்த்துக் கொடுத்தது?

2024 ஜூலையில் தொடங்கிய இந்தச் சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு உடனடி அனுமதி கிடைக்கிறது. உடனடியாகக் கிடைப்பதற்குக் காரணமே, கொடுப்பதற்கு முன்னால் யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான். நீங்கள் சொன்ன அளவு, உங்கள் உறுதிமொழி, அதன் மேல் சிஸ்டம் போட்டுக் கொடுத்த காகிதம். பழைய முறையில் ஓர் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் பார்த்துவிட்டுத்தானே கொடுத்தார் என்றாவது வாதாடலாம். இங்கே அதுவும் கிடையாது. பணி நிறைவுச் சான்று வாங்கத் தேவையில்லை என்று விலக்கு இருப்பதைப் பார்த்து, இனி யாரும் அளக்கவே வரமாட்டார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஒரு புகார் போதும், டேப்போடு வருவார்கள்.

இப்போது உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படியைப் பற்றித்தான் புகார் கொடுத்திருக்கிறார், நீங்களும் அதையே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். மாடிப்படி சின்ன விஷயம். சரியான அனுமதி வாங்கிவிட்டு அதை மீறி ஒரு பகுதியைக் கட்டினால், பிரச்சினை அந்தப் பகுதியோடு போகும், இடித்தால் தீரும். ஆனால் 28½ அடி மனையை 30 அடி என்று எழுதி வாங்கிய அனுமதி இருக்கிறதே, தவறான தகவல் கொடுத்துப் பெறப்பட்டது என்று அவர்கள் ரத்து செய்தால், படி மட்டும் அல்ல, மொத்த வீடும் அனுமதி இல்லாத கட்டடம் ஆகிவிடும். அதற்கப்புறம் நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57-வது பிரிவுகள்தான், அதாவது வேலையை நிறுத்து, இடித்து அகற்று, பூட்டி சீல் வை.

இந்த இடத்தில்தான் என்னிடம் வந்த பலரும் தங்கள் கையாலேயே குழி தோண்டியிருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்ததும் ஆவேசமாக நாலு பக்கத்துக்குப் பதில்: “இன்ஜினியர் எனக்குத் தெரியாமல் அளவைத் தப்பாகப் போட்டுவிட்டார், நான் நிரபராதி.” அளவு தப்பு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாயிற்று! புகாரில் படி மட்டும் இருந்தது, மனையின் அகலத்தை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இன்ஜினியர் சும்மா இருப்பாரா, உரிமம் போய்விடும் என்று “உரிமையாளர் கொடுத்த பத்திர அளவைத்தான் போட்டேன்” என்று எழுதுவார், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். ஓடிபி சொன்னது நீங்கள்தான், அதற்கப்புறம் தெரியாது என்று சொல்வது எடுபடாது. அவர் மேல் நுகர்வோர் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, இன்றைக்கே சண்டை வேண்டாம்.

அளவை மறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களே போய்த் திருத்திய பிளான் கொடுத்தால் அது திருத்தம், அவர்கள் அளந்து கண்டுபிடித்தால் பொய்த் தகவல். எனவே பதில் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: வேலையை நிறுத்திவிட்டேன், சர்வேயரை வைத்து அளக்க விண்ணப்பித்திருக்கிறேன், அந்த அளவின்படி திருத்திய பிளான் தருகிறேன், படியை அகற்றிவிடுகிறேன். அவ்வளவுதான், காரணம் எதுவும் எழுத வேண்டாம். எஃப்-லைன் அளவைக்கு, அதாவது அரசு சர்வேயர் வந்து மனையின் எல்லையை அளந்து காட்டுவதற்கு, ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், அந்த ரசீதைப் பதிலோடு இணையுங்கள். பிளானுக்கு நடைமுறையில் பத்திரம், பட்டா, இடம் மூன்றில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள், பத்திரத்தில் 30 என்று இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். படியை எடுத்தால் மிஞ்சும் மூன்றரை அடி ஒரு மீட்டருக்குச் சற்று மேல். உங்கள் மனைக்கு விட வேண்டிய பக்கவாட்டு இடம் அதற்குள் அடங்குகிறதா என்று வேறொரு இன்ஜினியரை வைத்துப் பாருங்கள். அடங்கினால் நீங்கள் தப்பித்தீர்கள். அடங்காவிட்டால் நேரில் வாருங்கள், அதைக் கடிதத்தில் பேச முடியாது.

ஸ்டே பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் இதே மாதிரி முன்சீப் கோர்ட்டில் தடை கேட்டுப் போனார், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க ஒரு வக்கீலை, அதாவது அட்வகேட் கமிஷனரை, கோர்ட் நியமிக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு கேட்டது, கமிஷனர் சர்வேயரோடு வந்து அங்குலம் அங்குலமாக அளந்து அறிக்கை கொடுத்தார். நகராட்சி ஒரு வருடம் கழித்தாவது அளந்திருக்குமா தெரியாது, இவர் செலவு செய்து மூன்றே மாதத்தில் தனக்கு எதிரான சாட்சியத்தைத் தயார் பண்ணிக் கொடுத்தார். ஹைகோர்ட் ரிட்டும் அப்படித்தான். அங்கே போய் நிற்கும் மனநிலையில் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 2024 டிசம்பர் 17-ல் மீரட் கட்டட வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் தாமதித்ததையோ கட்ட ஆன செலவையோ காட்டி விதிமீறலைக் காப்பாற்ற முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் “கடன் வாங்கிக் கட்டியிருக்கிறேன்” என்ற கண்ணீர் எடுபடுவதில்லை. 56, 57-ன் கீழ் உத்தரவே வந்துவிட்டால் 80-ஏ பிரிவில் அரசிடம் போகலாம், அது கடைசிக் கதவு, முதலிலேயே தட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, இன்றைக்கே பாருங்கள். விண்ணப்பத்தில் யாருடைய மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன? பல கேஸில் இன்ஜினியருடையதோ கம்ப்யூட்டர் சென்டர்காரருடையதோ இருக்கும். விளக்கம் கேட்டு வந்த கடிதமும் ரத்து செய்யப் போவதாக வந்த முன்னறிவிப்பும் அவர்கள் போனில் தூங்கும், கெடு முடிந்த பிறகு சீல் வைக்க ஆள் வரும்போதுதான் உரிமையாளருக்குத் தெரியும். எனக்கு வரவில்லை என்றால், நீங்கள் கொடுத்த எண்ணுக்கு அனுப்பினோம் என்பார்கள். எண்ணை மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், லாகின் விவரத்தை உங்கள் கையில் வாங்குங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுங்கள். கசக்கும், தெரியும். அவர் சமாதானமானால் விதிமீறல் சரியாகிவிடாது, அதற்குத் திருத்திய பிளான்தான் வேண்டும். ஆனால் அவர் ஹைகோர்ட்டில் “என் புகார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லுங்கள்” என்று ஒரு ரிட் போட்டு, இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று உத்தரவு வாங்கிவிட்டால், உங்களுக்கு அவகாசம் கொடுக்க நினைக்கும் அதிகாரியாலும் கொடுக்க முடியாது. படியை இடிக்கிறேன், இருவரும் சேர்ந்து அளப்போம், ஒன்றரை அடி யாருடையது என்பதை சர்வேயர் கல் போட்ட பிறகு பார்த்துக்கொள்வோம் என்று சொல்லுங்கள். வெறும் ஒன்றரை அடிக்காக என்றால் நான் விட்டுவிடச் சொல்வேன், ஆனால் அது உங்கள் முடிவு.

ரூஃப் அடுத்த வாரம் போடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு போட்ட காங்கிரீட்டுக்கு எந்தக் கோர்ட்டிலும் இரக்கம் கிடைக்காது, திருத்திய பிளானுக்கும் அதுவே தடையாகும். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஓடும். ஓடட்டும்.