முக்கோணக் குவில்ட்: முனைகள் மறைவதும் வரிசைகள் வளைவதும் ஏன்?

துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வையான குவில்ட் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: ‘60 டிகிரி முக்கோண அளவுகோல் ஒன்று வாங்கினேன். அதன் உச்சி கூராக இல்லாமல் சற்று வெட்டப்பட்டதுபோல் இருக்கிறது. 60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள குவில்ட்டுக்காக, முக்கோணத்தின் உயரம் 6 அங்குலம் என்று வைத்து, 6 அங்குலப் பட்டைகளிலிருந்து 228 துண்டுகள் வெட்டினேன். வெட்டிய உச்சியை அடுத்த துண்டின் கூர்முனையோடு சேர்த்துவைத்துத் தைத்தேன். இரண்டு வரிசைகள் தைத்ததும் முனைகள் தையலுக்குள் மறைந்துவிட்டன, வரிசைகளும் வில்போல் வளைகின்றன. துணி வீணாகிவிட்டதா?’

வீணாகவில்லை. நீங்கள் வெட்டிவைத்திருக்கும் துண்டுகளைக் கொண்டே ஏறத்தாழ அதே அளவில் குவில்ட்டை முடிக்கலாம். அதற்கு முன் உங்கள் அளவுகோலின் உச்சி ஏன் அப்படி இருக்கிறது என்பது தெளிவாக வேண்டும்.

குவில்ட் தைப்பவர்கள் எல்லாப் பக்கங்களிலும் தையலுக்காகக் கால் அங்குலத் துணி விடுவது வழக்கம். சதுரத்தில் இந்தக் கணக்கு எளிது. 60 டிகிரி முனையில் அப்படியல்ல. அங்கே சாய்வான இரண்டு பக்கங்களிலும் கால் அங்குலம் உள்ளே தைக்கும்போது, அந்த இரண்டு தையல்களும் சந்திக்கும் புள்ளி துணியின் நுனியிலிருந்து சரியாக அரை அங்குலம் கீழே விழுகிறது. எனவே கூர்முனை அளவுகோலில், தைத்து முடிந்த உயரத்தோடு உச்சிக்கு அரை அங்குலமும் அடிப்பக்கத்துக்குக் கால் அங்குலமும் சேர்த்து, மொத்தம் முக்கால் அங்குலம் கூடுதலாகப் பட்டை வெட்ட வேண்டும். உங்களுடையதுபோன்ற மழுங்குமுனை அளவுகோலில், தேவையற்ற அந்த நுனியில் கால் அங்குலத்தை முன்கூட்டியே நீக்கியிருக்கிறார்கள். ஆகவே முடிந்த உயரத்தோடு அரை அங்குலம் சேர்த்தால் போதும். 6 அங்குல முக்கோணம் வேண்டுமானால் பட்டை ஆறரை அங்குலம் இருந்திருக்க வேண்டும். நீங்கள் 6 அங்குலத்தில் வெட்டியதால் தைத்த பிறகு ஐந்தரை அங்குலம்தான் கிடைக்கும். சில அளவுகோல்களில் அச்சிட்ட எண் வெட்டும் உயரத்தையும், வேறு சிலவற்றில் தைத்து முடிந்த உயரத்தையும் குறிக்கும் என்பதால், புதிதாக எதை வாங்கினாலும் மூன்று துண்டுகளை வெட்டித் தைத்து அளந்து பார்க்காமல் முழுத் துணியில் கை வைக்காதீர்கள்.

ஆனால் முனைகள் மறைந்ததற்குப் பட்டையின் உயரம் காரணமல்ல. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் காரணத்தைக் காட்டுகிறது: மழுங்கிய உச்சியை அடுத்த துண்டின் கூர்முனையோடு சேர்த்துவைத்தீர்கள். பார்வைக்கு அது சரியாகத் தோன்றும் என்பதால், இந்தத் தவறு பலருக்கும் நேர்கிறது. வரிசையில் ஒரு முக்கோணம் மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் நிற்பதால், தைக்கும் விளிம்பின் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துண்டின் மழுங்குமுனையும் இன்னொன்றின் கூர்முனையும் சந்திக்கின்றன. அந்தக் கூர்முனை மழுங்குமுனையைத் தாண்டி ஏறத்தாழ 0.29 அங்குலம் வெளியே நீண்டிருக்க வேண்டும். இரண்டு நுனிகளிலும் இந்த நீட்டம் சமமாக இருக்க வேண்டும். அதை உள்ளே இழுத்து மழுங்குமுனையோடு பொருத்தினால் ஒரு துண்டு சாய்வாக நழுவி, செங்குத்தாகக் கணக்கிட்டால் சரியாகக் கால் அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. முனையைக் காப்பதற்காக விட்ட துணியும் அதே கால் அங்குலம்தான். அடுத்த வரிசையை இணைக்கும் தையல் முனையை விழுங்கியதில் வியப்பில்லை.

சரியாக வைத்திருக்கிறீர்களா என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ள ஒரு வழி உண்டு. இரண்டு துண்டுகளையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கும்போது, அவை இரண்டும் சேர்ந்து, எந்த முனையும் மழுங்காத ஒரே முழு முக்கோணமாகத் தெரிய வேண்டும். தைக்காத மூன்றாவது மூலையில் இரண்டு கூர்முனைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருந்தால் உங்கள் பொருத்தம் சரி. தைத்து விரித்த பிறகு, மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் படிக்கட்டுபோல் ஏறி இறங்காமல் ஒரே கோட்டில் ஓட வேண்டும். மூன்று துண்டுகள் சேர்ந்ததும், நடுத் துண்டின் இரு பக்கத் தையல்கள் சந்திக்கும் புள்ளி துணியின் ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் மேலே தொடரலாம். இல்லையென்றால், அந்த ஒரு தையலை அப்போதே பிரித்துவிடுவது நல்லது.

வளைவுக்கு வருவோம். பட்டையிலிருந்து வெட்டிய முக்கோணத்தில் ஒரு பக்கம் மட்டுமே துணியின் நெசவு இழைக்கு நேராக இருக்கும். மற்ற இரண்டும் தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்லும் சாய்வு வெட்டுகள். இழுத்தால் நீளும், நீண்டது தானாகத் திரும்பாது. ஆகவே இழைக்கு நேரான பக்கம் எப்போதும் வரிசையின் மேல்விளிம்பாகவோ கீழ்விளிம்பாகவோ அமைய வேண்டும். 60 டிகிரி முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் ஒரே நீளமாகத் தெரிவதால், துண்டுகளைக் கலைத்து அடுக்கும்போது இது எளிதில் மாறிப்போகும். இங்கே மழுங்குமுனை பெரிய உதவி செய்கிறது: அந்த முனைக்கு எதிரே இருப்பதுதான் இழைக்கு நேரான பக்கம். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக இஸ்திரி செய்துகொள்ளுங்கள். தைக்கும்போது துணியை முன்னும் பின்னும் இழுக்காமல் இயந்திரத்தின் பல்லே நகர்த்தும்படி விடுங்கள். இஸ்திரிப் பெட்டியைத் துணிமீது தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள்.

இழை சரியாக இருந்தும் வரிசை விசிறிபோல் விரிந்தால், தையலின் ஒரு நுனி மற்றதைவிடச் சற்று அகலமாக விழுகிறது என்று பொருள். பெரும்பாலும் முடிவை நெருங்கும்போது கை தளர்ந்து துணி நழுவுவதே காரணம். ஒரு தையலில் 32இல் ஒரு பங்கு அங்குலம் தவறினால் கண்ணுக்குத் தெரியாது. பதினெட்டுத் தையல்கள் உள்ள வரிசையில் அதே தவறு சேர்ந்து ஓர் அங்குலத்துக்கும் மேல் வித்தியாசம் காட்டும்.

இப்போது உங்களிடம் உள்ள துண்டுகளின் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய முக்கோணத்தின் பக்கம் உயரத்தைப்போல் 1.1547 மடங்கு, ஐந்தரை அங்குல உயரத்துக்குப் பக்கம் 6.35 அங்குலம். வரிசையில் சேரும் ஒவ்வொரு துண்டும் அகலத்தில் பாதிப் பக்கத்தை, அதாவது 3.175 அங்குலத்தை மட்டுமே கூட்டுகிறது. ஓரங்களை நேராக வெட்டும்போது ஒரு துண்டின் அளவு கழிந்துவிடும். ஆக, வரிசைக்கு 20 துண்டுகள் என்றால் அகலம் 19 முறை 3.175, அதாவது 60.3 அங்குலம். பதின்மூன்று வரிசைகள் வைத்தால் நீளம் 71.5 அங்குலம். நீங்கள் விரும்பிய அளவுக்கு அரை அங்குலம்தான் குறைவு. மொத்தம் 260 துண்டுகள் தேவை. இன்னும் 32 வெட்டினால் போதும். பயன்படும் அகலம் 42 அங்குலமுள்ள துணியில் ஒரு 6 அங்குலப் பட்டை 10 துண்டுகள் தரும் என்பதால், நான்கு பட்டைகள் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். பல நிறத் துணிகளாக இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் பட்டைக் கணக்கைத் தனித்தனியே போட வேண்டும்.

தைத்த இரண்டு வரிசைகளையும் பிரித்து, துண்டுகளை லேசாக நனைத்து, கஞ்சி போட்டு, இழுக்காமல் இஸ்திரி செய்து, ஒவ்வொன்றையும் அளவுகோலின் கீழ் வைத்துச் சரிபாருங்கள். நீண்டுபோனவற்றின் சாய்வுப் பக்கங்களை மட்டும் சீராக்கினால் போதும்; அளவில் குறைந்துபோனவை இருந்தால் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெட்டுங்கள்.

வரிசைகளை இணைக்கும்போது, முதல் வரிசை மேல்நோக்கிய முக்கோணத்தில் தொடங்கினால் அடுத்தது கீழ்நோக்கியதில் தொடங்க வேண்டும். அப்போது ஆறு முனைகள் ஒரே புள்ளியில் கூடும். அந்த இடத்தில் துணி தடித்துவிடும் என்பதால், தையலின் இரு ஓரங்களையும் ஒரே பக்கம் சாய்க்காமல் விரித்து இஸ்திரி செய்வதையே நான் விரும்புகிறேன்; அப்படிச் செய்தால் தையலின் நீளத்தை 2 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளியே நீண்டிருக்கும் சிறு காதுகளை இணைப்பதற்கு முன் நறுக்கிவிடலாம். முதல் வரிசையில் தையல்கள் சந்திக்கும் புள்ளியில் குண்டூசியை நேராகக் குத்தி, இரண்டாம் வரிசையின் அதே புள்ளி வழியாக வெளியே எடுத்து, அதன் இருபுறமும் வேறு ஊசிகளால் பிடித்த பிறகு நடு ஊசியை நீக்குங்கள். பின்பக்கத்தில் தையல்கள் குறுக்காக வெட்டும் இடம் கண்ணுக்குத் தெரியும் வரிசையை மேலே வைத்து, அந்த வெட்டுப்புள்ளியை ஒட்டி ஒரு நூலளவு ஓரத்தின் பக்கம் தள்ளித் தைத்தால் முனை முழுதாக நிற்கும்.

இரு பக்க ஓரங்களை எல்லா வரிசைகளும் சேர்ந்த பிறகே வெட்ட வேண்டும். உள்ளே தள்ளி நிற்கும் முனைகளிலிருந்து கால் அங்குலம் வெளியே நீண்ட அளவுகோலை வைத்து மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் வெட்டுங்கள். இந்தக் கோடு பல தையல்களை அறுத்துச் செல்லும் என்பதால், ஓரத்திலிருந்து எட்டில் ஒரு பங்கு அங்குலம் உள்ளே சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிவிட்டு, அதன் பிறகு பஞ்சு அடுக்கையும் அடித்துணியையும் சேருங்கள்.