பிளாட் வீட்டு வைஃபை: கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் வீடுகளுக்கு நெட் இழுத்துக் கொடுப்பது என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

செட்டிக்குளம், 3ஆம் மாடி: ராத்திரி 8 மணி ஆனால் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. போனில் 22 வைஃபை பெயர்கள் தெரிகின்றன. புது ரூட்டர் வாங்கவா?

பொறுங்கள். முதலில் லேப்டாப்பை ரூட்டரில் கேபிள் போட்டு வேகம் பாருங்கள். கேபிளிலும் மந்தம் என்றால் நெட் கொடுப்பவரிடம் பேசுங்கள். கேபிளில் நன்றாக ஓடினால் வைஃபை நெரிசல்தான். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளில் ஓடுகிறது. 2.4ல் 13 சேனல், அதாவது 13 பாதை, இருந்தாலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிற்பவை 1, 6, 11 மூன்றே. அந்த மூன்றில்தான் 22 வீடும் முண்டியடிக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். கான்கிரீட் சுவரைத் தாண்ட அது திணறும். அதனாலேயே பக்கத்து வீட்டு சிக்னலும் உங்கள் ஹாலுக்குள் அவ்வளவாக வராது. 2.4ஐ விட முடியாது என்றால் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40 போடாதீர்கள்.

தக்கலை: சமையலறையில் மைக்ரோவேவ் போட்டதும் வீடியோ நிற்கிறது.

அதுவும் ஏறக்குறைய 2.45 கிகாஹெர்ட்ஸ்தான். 5க்கு மாறுங்கள்.

ஆரல்வாய்மொழி: காற்றாலைகளால் வைஃபை கெடுமா?

கெடாது. பாவம், அதை விடுங்கள்.

பார்வதிபுரம்: அண்ணே, 4ஆம் சேனலில் ஒருத்தருமே இல்லை. காலி ரோட்டை விட்டுவிட்டு ஏன் 1லும் 6லும் நெரிபட வேண்டும்?

இதை வாரம் ஒருத்தர் கேட்கிறார். மக்கா, அது காலி ரோடு இல்லை. சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ். ஒரு வைஃபை எடுத்துக்கொள்வதோ 20. நீங்கள் 4ல் நின்றால் ஒரு கால் 1ன் மேலும் இன்னொரு கால் 6ன் மேலும் இருக்கும். குளச்சல் மீன் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே ஏலத்தில் நின்றால் ஒருவர் கேட்டு முடித்த பிறகு அடுத்தவர் கேட்கலாம். இரண்டு ஏலத்துக்கு நடுவில் நின்று கூவினால் இரண்டு பக்கமும் குழம்பும். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு, முறை வைத்துப் பேசும். நடுவில் நிற்பவரின் பேச்சு மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல்.

மறுபடியும் அவரே: எனக்கு 4ல் 60 எம்பி வருகிறதே?

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்?

அவரே: காலை 5 மணி.

சரி. ராத்திரி 9 மணிக்குப் பாருங்கள்.

அவரே: அப்போ 13 போட்டால்?

நம் நாட்டில் போடலாம். ஆனால் அமெரிக்காவில் வாங்கிய சில கருவிகளுக்கு 13 தெரியாது. அங்கிருந்து அண்ணன் கொண்டுவந்த பழைய லேப்டாப் இருந்தால் முதலில் அதில் சோதித்துப் பாருங்கள். 11லிருந்தும் அது முழுதாக விலகி இல்லை.

மார்த்தாண்டம்: வேகம் கூட அகலத்தை 40 ஆக்கலாமா?

மேலே முதல் பதிலைப் படியுங்கள்.

கோட்டாறு: ரூட்டர் இரும்பு பீரோ மேலே இருக்கிறது. சிக்னல் வரவில்லை.

இறக்கி வையுங்கள்.

வடசேரி: 40 அகலம் வைத்தால்...

20.